இரண்டாவது புகைபோக்கி

எங்கள் பழைய அலுவலகத்தில் தீரி என்று ஒரு பெண் வேலை பார்க்கிறாள். வீட்டில் அவள் பெயர் ஃபாத்திமா. ரங்கூன் லான்மடாப் பேட்டையில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் பாதி பர்மியத்தில் வரும். போன மாதம் ஒரு பழைய கோப்பைப் பற்றிக் கேட்பதற்காக என்னை வரச் சொல்லியிருந்தார்கள். போனால், "அங்கிள், இங்க வாங்க, ஒரு வேடிக்கை காட்டுறேன்" என்று தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். திரையில் பாதி வீடு இருந்தது. நடுவில் ஒரு கோடு போட்டாள், எதையோ தட்டினாள். மீதிப் பாதி வீடு தானாக வந்து நின்றது.

"பாத்தீங்களா? பாதி அளந்தா போதும்."

நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அவளுக்கும் பக்கத்து மேசைக்காரர்களுக்கும் ஒரே சிரிப்பு. அந்த அலுவலகத்தில் என் பட்டப்பெயர் எல்லோருக்கும் தெரியும். நான் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. நேற்றுச் சேர்ந்த ஆளுக்குக்கூட நான் 'ரெண்டு சிம்னி'தான். காரணத்தை மட்டும் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். ஒருவர் கதையில் நான் புகைபோக்கியிலிருந்து விழுந்திருக்கிறேன். இன்னொருவர் கதையில் இரண்டு கையிலும் சுருட்டு வைத்துக்கொண்டு ஊதியிருக்கிறேன்.

"நீங்களே எழுதிக் குடுத்துடுங்க அங்கிள். இல்லன்னா இன்னும் கொஞ்ச நாள்ல நீங்க வீட்டக் கொளுத்துனீங்கன்னு சொல்லிருவாங்க" என்றாள் தீரி. எழுதுகிறேன். வீட்டைக் கொளுத்தவில்லை. ஆனால் ஒரு வீட்டில் பாதியைக் காணாமல் அடித்திருக்கிறேன்.

எங்கள் வேலை ரங்கூனில் உள்ள பழைய கட்டடங்களை அளந்து படம் வரைவது. என் அப்பா கப்பல் கம்பெனியில் கிளார்க், தாத்தாவும் கிளார்க். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த நானும் எங்காவது நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவேன் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தது பல்லி எச்சத்துக்கும் வௌவால் நாற்றத்துக்கும் நடுவில். முதல் இரண்டு வருஷம் மற்றவர்கள் வரைந்த படத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்து மையால் பிரதி எடுத்தேன். தப்பு விழுந்தால் பிளேடால் சுரண்டினேன். அடுத்த மூன்று வருஷம் அளவு நாடாவின் பூஜ்யம் இருக்கும் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாடாவின் மறுமுனையில் நிற்பவர்தான் எண்ணைப் படிப்பார், அவருக்குத்தான் மரியாதை. மூன்று வருஷம் நான் பூஜ்யம். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் மேலதிகாரி ஊ சான் லின். சயா என்று கூப்பிடுவோம். இங்கே ஐயா, வாத்தியார் இரண்டுக்கும் அந்த ஒரு சொல்தான். பெயருக்கு முன்னால் வரும் ஊ, கோ, டோ, மா எல்லாம் நம் ஐயா, அண்ணன், அம்மா, அக்கா மாதிரி. ஒல்லியான மனிதர். இடிந்து விழப்போகும் வீடாக இருந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். கண்ணாடிச் சில்லு, துருப்பிடித்த ஆணி எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "யார் வீடோ" என்பார். நாங்களும் கழற்ற வேண்டியிருந்தது. என் இடது பாதத்தில் இன்றும் ஒரு தழும்பு உண்டு. அதற்கு சயாவின் மரியாதை உணர்ச்சிதான் பொறுப்பு.

அவர் கத்தமாட்டார். யாரையாவது கண்டிக்க வேண்டும் என்றால் லப்பே தட்டைத் திறப்பார். ஊறவைத்த தேயிலை, வறுத்த பருப்பு, எள், பூண்டு என்று தனித்தனிக் குழியில் வைத்திருக்கும் வட்டமான அரக்குத் தட்டு. விருந்தாளிக்குக் கொடுப்பது. அதை என் பக்கம் மெல்ல நகர்த்தி, "சாப்பிடு, கோ அமல்" என்பார். அவ்வளவுதான் கண்டிப்பு. எங்கள் அலுவலகத்தில் அந்தத் தேயிலையை ருசித்துச் சாப்பிட்டவர் ஒருவரும் கிடையாது.

அளப்பதற்கு அவர் வைத்திருந்த முறைகளை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நாடாவை அறையின் ஒரு மூலையில் ஆணியடித்து மாட்ட வேண்டும், பிறகு நகர்த்தக் கூடாது. கதவு, ஜன்னல், தூண் எல்லாவற்றையும் அந்த ஒரே பூஜ்யத்திலிருந்து படிக்க வேண்டும்; துண்டு துண்டாக அளந்தால் துண்டுக்கு ஒரு தப்பு சேரும். ஒருவர் எண்ணைச் சொன்னால் எழுதுபவர் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். எந்த அறையும் சதுரம் என்று நம்பக் கூடாது, குறுக்காகவும் அளக்க வேண்டும். சுவரை விரல் கணுவால் தட்டிக் கேட்க வேண்டும். போக முடியாத இடத்தை வெள்ளையாக விட்டு, அதில் 'பார்க்கவில்லை' என்று எழுத வேண்டும். வெள்ளையாக விட்டதற்காக அவர் யாரையும் திட்டியதில்லை.

ஆனால் எங்களுக்குள் இன்னொரு முறையும் இருந்தது. நகர மையத்தில் வெள்ளைக்காரர்கள் கட்டிய ஆபீஸ், கோர்ட்டு, பேங்கு எல்லாம் நடுவில் வாசல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஒரு பாதியை அளந்து டிரேசிங் தாளில் வரைந்துவிட்டு, தாளை மையக் கோட்டில் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்தால் மறுபாதி வந்துவிடும். இதற்கு சயாவின் அனுமதியும் உண்டு, ஒரு நிபந்தனையோடு: மறுபாதியில் போய் மூன்று அளவாவது எடுத்துச் சரிபார்க்க வேண்டும். பத்து வருஷமாக நான் சரிபார்த்தேன். பத்து வருஷமும் சரியாகவே இருந்தது. அப்புறம் மனிதனுக்குச் சரிபார்க்கத் தோன்றுமா?

அந்தச் சமயத்தில்தான் ஏரியைத் தாண்டி, வடக்கே ஒரு மேட்டுத் தெருவில் இருந்த வீடு என்னிடம் வந்தது. அதைக் கட்டியவர் மர வியாபாரம் செய்த ஓர் ஆங்கிலேயர். தன் ஊரில், ஏதோ ஒரு கிராமத்தில், அப்பா இருந்த வீட்டை அப்படியே ரங்கூன் வெயிலில் எழுப்பிவிட்டார். கருப்பு வர்ணம் அடித்த தேக்குச் சட்டங்கள், இடையிடையே வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், கீழ்த்தளத்தை விடத் தெருப்பக்கம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மேல்தளம், ஈயக் கம்பியில் கோத்த சின்னச் சின்ன டைமன் வடிவக் கண்ணாடி ஜன்னல்கள், பனி வழுக்கி விழுவதற்காகச் செங்குத்தாகச் சாய்த்த கூரை. பனிக்குப் பதில் அதில் மாம்பழம் வழுக்கி விழும். கதவு நிலைகள் எல்லாம் என் புருவ உயரம்; முதல் நாளே இரண்டு முறை இடித்துக்கொண்டேன். தெற்குச் சுவரில், ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்து குளிர்காயும் அளவுக்கு அடுப்பு, அதற்கு மேலே வானத்தைக் குத்துவது போல் செங்கல் புகைபோக்கி. இந்த ஊரில் யாருக்குக் குளிரெடுத்தது என்று தெரியவில்லை. டிசம்பர் காலையில் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கும் ஆட்கள் இங்கே உண்டுதான், ஆனால் அவர்கள் அடுப்புக்குள் உட்காரமாட்டார்கள்.

தெற்குப் பாதியை ஒழுங்காகவே அளந்தேன். வடக்குப் பாதிக்குப் போகும்போது இரண்டு வாத்துகள் வந்தன. குழம்புக்குப் போகும் வாத்து வேறு. இவை கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு வரும் பெரிய ரகம். அரசாங்கக் காகிதத்தைக் காட்டினேன், மதிக்கவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. வீட்டின் வடக்குப் பக்கத்தைத் தெருவிலிருந்து பார்க்கலாம் என்றால் பெரிய மாமரம் மறைத்தது. நடுவில் வாசல் இருந்தது. அது எனக்குப் போதும். நாடாவைச் சுருட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் தாளைத் திருப்பிப் போட்டேன். அழகான வீடு வந்தது. சயா அன்று ஏதோ அவசரத்தில் இருந்தார். படத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் தையல்காரர்களின் அளவு நாடாவை மாலை மாதிரி போட்டிருந்தார், கழற்ற மறந்து பஸ் ஏறியிருக்கிறார். பெயர் ரோஸி. தமிழ்க் கத்தோலிக்கர், எங்கள் கோயில்காரர்தான், ஆனால் வேறு பூசைக்கு வருபவர். என் மேசை மேல் இரண்டு பொருளை வைத்தார். ஒன்று, என் படத்தின் பிரதி. இன்னொன்று, ஒரு பித்தளைச் சாவி.

"தம்பிதானே இத வரைஞ்சது?"

"ஆமாங்க்கா."

"இந்தச் சாவி எந்த ரூமத் தொறக்கும்? இதுல கொஞ்சம் காட்டுங்க."

நான் படத்தைப் பார்த்தேன், சாவியைப் பார்த்தேன்.

"தேடாதீங்க. இல்ல. நானும் ரெண்டு நாளாத் தேடுறேன். பதினெட்டு வருஷமா அந்த ரூம்ல படுத்து எந்திரிக்கிறேன், உங்க படத்துல அங்க அடுப்பு எரியுது." பிறகு விரலால் கூரையைத் தொட்டார். "அது கெடக்கட்டும். எங்க வீட்டுக்குச் சிம்னி ஒண்ணுதானே தம்பி. இந்த ரெண்டாவது எங்கேர்ந்து வந்துச்சு?"

பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. சயாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'சிம்னி' என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எழுந்து வந்து படத்தைக் கையில் எடுத்து, ஒரு புகைபோக்கியில் சுட்டுவிரலையும் மற்றதில் கட்டைவிரலையும் வைத்துப் பார்த்தார். உள்ளே போய் லப்பே தட்டைக் கொண்டுவந்தார்.

விஷயம் இதுதான். அந்த வீட்டுச் சொந்தக்காரர் டோ மியா என்ற வயதான பர்மிய அம்மா. ரோஸி அக்கா அவருக்குத் துணையாகவும் தையல்காரியாகவும் அந்த வீட்டின் வடக்கு அறையில் இருந்தவர். டோ மியா இறப்பதற்கு முன், 'அந்த அறை இருக்கும் வரை ரோஸி அதில் இருக்கலாம்' என்று சாட்சி வைத்து எழுதிக் கொடுத்திருந்தார். வீடு அவருடைய அண்ணன் மகன் கோ ஸோவுக்குப் போனது. அவர் பின்பக்கத் தோட்டத்தில் அடுக்குமாடி கட்ட நினைத்தார். லாரி உள்ளே போக வேண்டுமென்றால் வடக்குப் பக்கமாகத்தான் வழி. அங்கே ரோஸி அக்காவின் அறை நின்றது. எங்கள் படங்களில் கனத்த கோடு என்றால் வீட்டோடு சேர்த்துக் கட்டியது, இடிக்கக் கூடாது. புள்ளிக் கோடு என்றால் பின்னால் ஒட்டவைத்தது, இடிக்கலாம். படத்திலேயே இல்லாததை என்ன செய்வது? கோ ஸோ முத்திரை குத்திய என் படத்தைக் காட்டி, இந்த அறை நேற்று முளைத்த கொட்டகை என்று சொல்லிவிட்டார். ரோஸி அக்கா காலி செய்ய முப்பது நாள் கெடு. அதில் பாதி போய்விட்டது.

"அவரு மேல தப்பில்ல சயா" என்றார் ரோஸி அக்கா பர்மியத்தில். "படத்துல இருக்கிறபடிதானே செய்றாரு."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் வலித்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தட்டிலிருந்து ஒரு பிடி தேயிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை சயாவும் நானும் போனோம். ரோஸி அக்கா வாத்துகளைக் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு நின்றார். "வாங்க தம்பி, பயப்படாதீங்க, புடிச்சிருக்கேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அவை என்னை அடையாளம் கண்டுகொண்டன என்றே நினைக்கிறேன்.

வடக்குப் பாதி தெற்கு மாதிரி இல்லவே இல்லை. அந்தச் செங்குத்துக் கூரை இந்தப் பக்கம் மட்டும் நிற்காமல் இறங்கி இறங்கி, நம் தோள் உயரத்துக்கு வந்து முடிந்தது. அதற்கடியில் ஒடுங்கலாக ஓர் அறை, சின்ன ஜன்னல், உள்ளே காலை வைத்ததும் ஜில்லென்று இருந்தது. ஆங்கிலேயக் கிராமங்களில் பால் வைக்கும் அறை இப்படித்தான் இருக்கும், வெயில் படாமல் வடக்கே ஒதுக்கிக் கட்டுவார்கள் என்று சயா சொன்னார். அந்த மர வியாபாரி ரங்கூனில் ஒரு மாடுகூட வைத்திருக்கவில்லை. அப்பா வீட்டில் பால் அறை இருந்தது, ஆகவே இங்கேயும் இருக்க வேண்டும்.

அறை முதலிலிருந்தே இருந்தது என்று நாங்கள் நம்பினால் போதாது, காட்ட வேண்டும். நான் பரணுக்கு ஏறி, வௌவால் எச்சத்தில் வயிற்றால் ஊர்ந்தேன். கூரையின் சாய்வுச் சட்டங்களை உச்சியிலிருந்து கையால் தடவிக்கொண்டே இறங்கினேன். எங்காவது ஓர் ஒட்டு இருந்தால் கதை முடிந்தது. அறை பின்னால் சேர்த்தது என்று ஆகிவிடும். முதல் சட்டத்தில் ஒட்டு இல்லை. இரண்டாவதிலும் இல்லை. பதினோரு சட்டமும் ஒரே தேக்கு, உச்சியில் தொடங்கி ரோஸி அக்காவின் தலைக்கு மேலே போய் முடிந்தன. மர வியாபாரியாக இருந்ததால் அவ்வளவு நீளத்துக்கு வெட்டிவர முடிந்திருக்கிறது. பரணிலிருந்தே எண்ணைக் கத்தினேன். சயா கீழேயிருந்து ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

கீழே இறங்கினால் ரோஸி அக்கா சயாவிடம் வேறொரு புகார் சொல்லிக்கொண்டிருந்தார். அறைச் சுவரோடு சுவராக இடுப்பு உயரத்தில் ஒரு கருங்கல் பலகை. பால் பாத்திரம் வைப்பதற்கு. அதன் மேல் அவருடைய தையல் மெஷின் உட்கார்ந்திருந்தது.

"இந்தக் கல்லு காலுக்கும் இடிக்குது, வேலைக்கும் இடிக்குது. எடுத்துத் தாங்கன்னு டோ மியா இருக்கையிலேர்ந்து கேக்குறேன். ரெண்டு கொத்தனார் வந்து பாத்தாங்க, சுவத்துக்குள்ள மொழங்கை நீளம் போயிருக்குதாம், எடுத்தா சுவரே வந்துருமாம். நீங்களாச்சும் எழுதிக் குடுத்து எடுக்க வைங்க."

சயா குனிந்து, கல் சுவருக்குள் நுழையும் இடத்தில் விரல் கணுவால் தட்டினார். சுவர் கட்டும்போதே வைத்துக் கட்டிய கல். நிமிர்ந்தபோது அவர் முகத்தில், நான் வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கும் சிரிப்பு இருந்தது.

"மா ரோஸி, இந்தக் கல்லைப் பத்தி இனிமே யார்கிட்டயும் குறை சொல்லாதீங்க. கால் இடிச்சா கல்லுக்கு நன்றி சொல்லிட்டுப் போங்க."

படத்தை மறுபடி வரைந்தேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது, இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய முறை. பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைத்துவிட்டால் என்ன? மெதுவாக சயாவிடம் கேட்டேன். "வைக்கலாம்" என்றார் பென்சில் சீவிக்கொண்டே. "கோ ஸோ கையில ஒண்ணு இருக்கே, அதை யார் போய் எடுக்கிறது? வாத்தை அனுப்பலாமா?"

விசாரணை பெரிய அதிகாரியின் அறையில் நடந்தது. கோ ஸோ சண்டைக்கார மனிதர் இல்லை. எங்களுக்கெல்லாம் கேக் வாங்கி வந்திருந்தார். இரண்டு படத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவிட்டு, என்னைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார்.

"ரெண்டும் நீங்க வரைஞ்சது. ரெண்டுலயும் முத்திரை இருக்கு. எது பொய்?"

ரோஸி அக்கா கதவோரம் சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கூரைச் சட்டம், கல், செங்கல் வரிசை என்று எதை எதையோ விளக்கலாம் என்று தயாரித்து வைத்திருந்தேன். அந்தக் கேள்விக்கு அது எதுவும் பதில் ஆகாது.

"முதல் படம் பொய்" என்றேன். "வடக்குப் பக்கம் நான் போகவே இல்லை. வாத்துக்குப் பயந்து திரும்பிட்டேன். தெற்குப் பக்கத்தைத் திருப்பிப் போட்டு வரைஞ்சேன்."

பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "வாத்துக்கா?"

"ரெண்டு வாத்து, ஐயா."

யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. சொன்னதை எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு சின்னச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டு முதல் படத்தின் மேலேயே ஒட்டினேன். பசை காய்வதற்குள் சயா கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார். என் கையெழுத்துக்குக் கீழே, 'நானும் பார்க்கவில்லை. பார்த்ததாகக் கையெழுத்திட்டேன்' என்று எழுதினார். அவர் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதமே இருந்தது. அப்படி எழுத அவரை யாரும் கேட்கவில்லை.

அறை கனத்த கோட்டுக்குள் வந்தது. கோ ஸோவின் அடுக்குமாடி வரவில்லை. இன்றும் தெருவில் என்னைப் பார்த்தால் தலையசைப்பார், கேக் தருவதில்லை. என் பதவி உயர்வு மூன்று வருஷம் தள்ளிப்போனது. பட்டப்பெயர் அன்று சாயங்காலமே வந்துவிட்டது.

ரோஸி அக்கா அதற்குப் பிறகு என்னை விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். கோயிலில் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, இந்தப் பக்கமும் திரும்பிப் பாருங்க, நானும் உக்காந்திருக்கேன்" என்பார். நான் ஓய்வு பெற்ற வாரம், ஒரு சட்டை தைத்துத் தருகிறேன், அளவு கொடுக்க வாருங்கள் என்று கூப்பிட்டார். போனேன். வாத்துகளின் பேரன் பேத்திகள் இருந்தன. கல் பலகை அப்படியே இருந்தது, அதன் மேல் மெஷின். என் இடது தோளை அளந்தார், இடது கையை அளந்தார், நாடாவைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, வலது பக்கம்?"

"அது எதுக்கு? அதே மாதிரிதானே இருக்கும்."

விளையாட்டு என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் தைத்துவைத்திருந்தார். பத்து நாள் கழித்துப் போட்டுப் பார்த்தேன். இடது கை மணிக்கட்டில் சரியாக நின்றது. வலது கை தொங்கி, விரல்கணு வரைக்கும் மூடியது. சட்டை சரியாகத்தான் இருந்தது. நான்தான் சரியாக இல்லை. வரைபலகை மேல் இத்தனை வருஷம் சாய்ந்து சாய்ந்து என் வலது தோள் இரண்டு விரல்கடை இறங்கிப்போயிருக்கிறது. எனக்கே தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது.

ரோஸி அக்கா சிரித்துக்கொண்டேதான் இருந்தார். பிறகு சிரிப்பு நின்றது. கல் பலகையைச் சுற்றிக்கொண்டு வந்து என் வலது தோளில் கையை வைத்தார்.

"இது தெரியாம வெளையாடிட்டேன் தம்பி. கழட்டுங்க, கையப் பிரிச்சுத் தச்சுத் தர்றேன்."

கழற்றவில்லை. அந்தச் சட்டையைத்தான் போன மாதமும் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். தீரி அந்தப் பொத்தானைத் தட்டி வீட்டின் மறுபாதியை வரவழைத்தபோது, எழுந்து நின்று இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டி, வாத்துக்குப் பயந்து பாதி வீட்டை அளக்காமல் விட்டதைச் சொன்னேன். அவள் ஒரு கையைப் பார்த்தாள், மறு கையைப் பார்த்தாள். திரையில் மறுபாதியை அழித்துவிட்டு, மேசைக்கடியில் இருந்த நாடாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இந்த வீட்டுலயும் வாத்து இருக்குமா அங்கிள்?" என்று கேட்டாள்.